எண்சாண் உடம்பின் அளவு

ஒருவனுடைய உயரத்தை அறிய வேண்டின் அவனைச் சுவரோரத்தில் நிமிர்ந்து நிற்கச் செய்து, உச்சந்தலையில் ஒரு பலகையை வைத்து, நிலத்திலிருந்து அளந்துகொள்ளலாம். இதனினும் எளிய அளவை பிறிதில்லை. ஆயின் நிற்க இயலாதவருடைய உயரத்தை யாங்ஙனம் அறிவது? படுக்கையிற் கிடக்கும் முதியவளையும், நிழற்படத்தில் மாத்திரமே காணப்படுபவனையும், மண்ணுள் என்பாய் எஞ்சியவனையும் சுவரோரத்தில் நிறுத்துதல் இயலாது. அவரிடத்துக் கிடைப்பது ஓர் உறுப்பு, அல்லது ஓர் உருவம், அல்லது ஓர் என்பு மட்டுமே. அப்பகுதியைக் கொண்டு முழுமையை உய்த்துணர்தலே அங்குச் செய்யத்தக்கது. அவ்வுய்த்துணர்வு எத்துணை உறுதியானது, எவ்விடத்தில் வழுவும், அதனை நம்பி எதுவரை செல்லலாம் என்னும் வினாக்கள் கணித நூலோடு அமைந்துவிடுவன அல்ல. யாழ்ப்பாணத்தாருக்கு அவை வீட்டுவாயிலில் நிற்கும் வினாக்களாம்.

சாணும் முழமும் பாகமும்

எண்சாண் உடம்பு என்பது தமிழருள் வழங்கும் பழந்தொடர். அதனை வெறுஞ் சொல்லணி என்றெண்ணிக் கடந்து செல்வார் பலர். ஆயின் அஃது ஓர் அளவைக் கூற்று. ஒவ்வொருவனும் தன் கையால் எட்டுச் சாண் உயரமுடையவன் என்பதே அதன் பொருள். ‘தன் கையால்’ என்பது ஈண்டுக் கருதத்தக்கது. குழந்தையின் சாண் சிறிது. அதன் உடம்பும் சிறிது. நெடியவனின் சாண் பெரிது. அவன் உடம்பும் பெரிது. உறுப்பும் உடம்பும் ஒன்றோடொன்று விகிதம் பூண்டு நிற்கின்றன என்னும் உண்மையை அத்தொடர் தன்னுள் அடக்கியுள்ளது.

பண்டைக் கையளவை வாய்பாட்டின்படி பன்னிரண்டு விரல் ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். நான்கு முழம் ஒரு பாகம். பாகமென்பது இரு கைகளையும் பக்கமாக விரித்து நிற்கும்போது ஒரு கையின் நடுவிரல் நுனியிலிருந்து மறுகையின் நடுவிரல் நுனிவரையுள்ள நீளம். கிணற்றின் ஆழத்தையும் கயிற்றின் நீளத்தையும் யாழ்ப்பாணத்து முதியோர் பாகக் கணக்கிற் சொல்லி வந்தனர். எட்டுச் சாண் நான்கு முழமாம். நான்கு முழம் ஒரு பாகமாம். ஆகவே, ஒருவனுடைய உயரமும் அவன் விரித்த கைகளின் அகலமும் ஒன்றே என்னுங் கருத்து இவ்வாய்பாட்டினுள்ளே பொதிந்து கிடக்கின்றது. உரோமபுரிக் கட்டடக் கலைஞராகிய விற்றுறூவியசு என்பாரும் இதனையே கூறினார். ஏறத்தாழ 1490ஆம் ஆண்டில் இலியனாடோ தா வின்சி வரைந்த, வட்டத்துள்ளும் சதுரத்துள்ளும் கைவிரித்து நிற்கும் மனிதனின் படம் அவர் கூற்றுக்கு வரைந்த உரையேயாம்.

இம்மரபுக் கணக்கு அளவுநாடாவின் முன் நிற்குமோ? இலண்டனிலே பிரான்சிசு கோல்ற்றன் என்னும் அறிஞர் 350 ஆடவரை அளந்து 1888இல் வெளியிட்ட முடிவுகள் இதற்கு விடை தருகின்றன. அவ்வாடவரின் முழம், அதாவது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரையுள்ள நீளம், நடு அளவாக 18.05 அங்குலம், உயரம் 67.2 அங்குலம். நான்கு முழம் என்னும் விதியைக் கொள்ளின் உயரம் 72 அங்குலத்துக்கு மேற்படும். உண்மையிலும் ஐந்து அங்குலம் மிகும். அவர்களிடத்தில் உயரம் முழத்தின் 3.72 மடங்கேயாம். மரபு விதி இயல்பிற் சரியானது. அளவிற் சற்றுத் தாராளமானது எனலாம். ஆசிரியர் எவரேனும் தம் வகுப்பு மாணவரின் முழத்தையும் உயரத்தையும் அளந்து விகிதம் காணச் செய்வாராயின், இரண்டு உண்மைகள் அவர்க்குத் தாமே விளங்கும். விகிதம் நான்குக்குச் சற்றுக் குறைவாயிருக்கும் என்பது ஒன்று. எல்லா மாணவர்க்கும் அது ஒன்றாயிராது என்பது மற்றொன்று. இரண்டாவது உண்மையே இப்பொருளுக்கு அச்சாணி போன்றது.

சிற்பியின் அளவு

மாந்தரிடத்து நிலைபெறாத இவ்விகிதத்தைத் தெய்வ உருவங்களிடத்து நிலைபெறுவித்தவர் நம் சிற்பிகள். சிற்ப நூல்கள் கூறும் தாலமானம் என்பது இதுவே. தாலமென்பது முகத்தின் நீளத்தை அடியாகக் கொண்ட அளவு. பன்னிரண்டு அங்குலம் ஒரு தாலமாம். ஈண்டு அங்குலம் எனப்பட்டது ஆங்கில அளவன்று. உருவத்தின் முழு உயரத்தைக் குறித்த எண்ணாற் பகுக்கக் கிடைக்கும் ஒரு கூறே அது. சிவன், திருமால் முதலிய பெருந்தெய்வங்களின் உருவங்கட்கு உத்தம தச தாலம் விதிக்கப்பட்டது. அதன்கண் முழு உயரம் 124 அங்குலம். மத்திம தச தாலம் 120 அங்குலமும், அதம தச தாலம் 116 அங்குலமும் உடையன. உத்தம தச தாலத்தில் தொடை 27 அங்குலம், முழந்தாள் 4 அங்குலம், கணைக்கால் 27 அங்குலம், பாதத்தின் உயரம் 4 அங்குலம் என ஒவ்வோர் உறுப்பும் வகுக்கப்பட்டிருக்கும். கோபிநாதராயர் தாலமானம் பற்றி எழுதி, 1920இல் வெளிவந்த ஆராய்ச்சி நூல் இவ்வளவைகளைப் பல சிற்ப நூல்களோடு ஒப்பிட்டுக் காட்டுகின்றது.

இவ்விதி வழுவாது வார்க்கப்பட்ட செப்புத் திருமேனியொன்று உடைந்து, தொடைப்பகுதி மாத்திரம் அகழ்வில் வெளிப்பட்டதெனக் கொள்க. அத்தொடை 27 சதமமீற்றர் நீளமுடையதாயின், முழுத் திருமேனியும் 124 சதமமீற்றர் நின்றிருத்தல் வேண்டும் என ஒருவன் துணிந்து கூறலாம். அங்கே ஐயத்துக்கு இடமில்லை. விகிதம் விதியாற் பிணிக்கப்பட்டிருத்தலின். மனித உடம்பை வார்த்த அச்சு ஒன்றன்று. அவ்வுடம்பிற் பெற்றோர் வழி வந்த கூறும், இளமையில் உண்ட உணவும், உற்ற நோயும் தத்தம் கைவேலையைக் காட்டியிருக்கும். ஆதலின் மனிதனுடைய தொடையிலிருந்து அவன் உயரத்தைக் கூறுவோன், சிற்பியின் துணிவோடு கூறுதல் ஆகாது. அவன் கூறத்தக்கது ஓர் எண்ணன்று; ஓர் எண்ணும் அதன் இருபுறத்து எல்லையுமாம்.

பெருக்கமும் சமன்பாடும்

மேலே கூறிய கோல்ற்றன், 1890இல் எழுதிய கட்டுரையொன்றில், இணைபு என்னுங் கருத்துத் தமக்கு உதித்த வரலாற்றைச் சொல்கின்றார். புதைகுழியொன்றிற் கிடைத்த தொடையென்பைக் கொண்டு அதற்குரியவனின் உயரத்தை அறிவது எவ்வாறு என்பது அவரை உந்திய வினாக்களுள் ஒன்று. குற்றவாளிகளை உறுப்பளவுகளால் அடையாளங் காணப் பிரான்சிலே பேட்டியோன் வகுத்த முறை மற்றொன்று. இன்று பொருளியலும் மருத்துவமும் வேளாண்மையும் பயன்படுத்தும் இணைபுக் கணிதம், ஓர் என்புக்குரியவன் எவ்வளவு உயரமானவன் என்று வினவியதன் பயனாய் வளர்ந்தது என்பது பலரும் அறியாத செய்தி.

கோல்ற்றனின் வழிவந்த காள் பியேர்சன் 1899இல் அவ்வினாவுக்குச் சமன்பாடுகள் வகுத்தார். பிரான்சிலே இலியோன் நகரில் உறொலே என்னும் மருத்துவர் 50 ஆடவர், 50 பெண்டிர் ஆகியோரின் உடல்களை அளந்து 1888இல் வெளியிட்ட அளவுகளே அவருக்கு அடிப்படை. ஆடவர்க்குரிய சமன்பாடு இது: தொடையென்பின் நீளத்தைச் சதமமீற்றரில் அளந்து, 1.880ஆற் பெருக்கி, 81.306ஐக் கூட்டுக. தொடையென்பு 45 சதமமீற்றராயின் உயரம் 165.9 சதமமீற்றர் என வரும்.

இத்துணைச் சிக்கல் எதற்கு? தொடையென்பு உயரத்திற் காற்பங்குக்குச் சற்று மேற்பட்டது. ஆகவே அதனை 3.7ஆற் பெருக்கினால் அமையாதோ என ஒருவர் வினவலாம். 45 சதமமீற்றர் என்புக்கு அது 166.5 எனத் தரும். பியேர்சனின் விடைக்கு மிக அண்மையது. ஆயின் 50 சதமமீற்றர் நீளமுள்ள என்பொன்றை எடுத்துக்கொள்க. பெருக்கற் கணக்கு 185 என்னும்; பியேர்சனின் சமன்பாடோ 175.3 என்னும். ஏறத்தாழப் பத்துச் சதமமீற்றர் வேறுபாடு! இதன் காரணம் அறியத்தக்கது. தொடை மிக நீண்டவன் பொதுவில் உயரமானவனே. ஆயினும் தொடை நீண்ட அத்துணை விகிதத்தில் அவன் உடம்பு முழுவதும் நீண்டிருப்பதில்லை. அவன் தொடை சராசரியிலிருந்து வெகுதூரம் விலகியிருக்க, உயரம் அத்துணை விலகாது சராசரியை நோக்கிப் பின்வாங்கி நிற்கும். இதனையே பிற்செலவு என்பர் புள்ளிவிபரவியலார். வெறும் பெருக்கம் நெடியவரை மேலும் நெடியவராக்கும்; குறியவரை மேலும் குறியவராக்கும். சமன்பாடு அம்மிகையைத் திருத்துகின்றது.

ஒரு நாட்டின் சமன்பாடு மற்றொரு நாட்டுக்கு ஆகுமோ?

இரண்டாம் உலகப் போரில் மாண்ட அமெரிக்கப் போர்வீரரின் என்புகளை அளந்தவர் மில்றெட் திறொட்டர் என்னும் அம்மையார். அவ்வீரர் படையிற் சேர்ந்தபோது அளந்தெழுதிய உயரங்கள் ஏட்டில் இருந்தமையால், என்பையும் உயிரோடிருந்த காலத்து உயரத்தையும் ஒருங்கு ஒப்பிடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அவரும் கிளேசர் என்பவரும் 1952இலும் 1958இலும் வெளியிட்ட சமன்பாடுகள் உலகெங்கும் வழக்குப் பெற்றன. அவற்றுள் மூன்றை ஒரே என்பின்மேற் செலுத்திப் பார்த்தல் தகும். 45 சதமமீற்றர் நீளமுள்ள தொடையென்பு அமெரிக்க வெள்ளையர்க்குரிய சமன்பாட்டால் 168.5 சதமமீற்றர் உயரத்தையும், அமெரிக்கக் கறுப்பினத்தவர்க்குரியதால் 165.3ஐயும், ஆசிய வழியினர்க்குரியதால் 169.3ஐயும் தருகின்றது. என்பு ஒன்றே, விடை மூன்று. காலுக்கும் முண்டத்துக்கும் உள்ள விகிதம் மக்கட் கூட்டத்துக்கு மக்கட் கூட்டம் வேறுபடுதலே இதன் காரணம். எனவே, எச்சமன்பாட்டைக் கையாண்டாயென வினவாமல் எவ்வுயரத்தையும் ஏற்றுக்கொள்ளல் ஆகாது.

திறொட்டரின் வரலாற்றிலே மற்றொரு படிப்பினையும் உண்டு. கணைக்கால் உள்ளென்பைத் தாம் எவ்வாறு அளந்தாரென அவர் எழுதிய குறிப்பும், உண்மையில் அவர் அளந்த முறையும் ஒன்றல்ல. கணுக்காலிற் புடைத்து நிற்கும் முனையையும் சேர்த்து அளந்ததாக எழுதினார். அளந்தபோதோ அம்முனையை விடுத்தளந்தார். ஏறக்குறைய ஒரு சதமமீற்றராகிய இவ்வழு நாற்பதாண்டுகட்கு மேலாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. யான்சு என்பவரும் உடனாய்வாளரும் 1990களின் நடுவில் அதனை வெளிப்படுத்தினர். நூலிற் சொல்லியபடியே என்பை முறையாக அளந்து அச்சமன்பாட்டில் இட்டவர், உயரத்தை ஏறத்தாழ மூன்று சதமமீற்றர் வரை மிகுத்துக் கூறிவந்தனர் என்பது அப்போதுதான் தெரியவந்தது. திறொட்டர் தம் துறையிற் பெரியார். அவருடைய வழு அவர் பெருமையைக் குறைப்பதன்று. பெரியார் கூறினாரென்று வாளாவிராது மீண்டும் அளந்து பார்த்தலே விஞ்ஞான மரபு என்பதையே அது வற்புறுத்துகின்றது.

இந்தியாவிலும் இலங்கையிலும் இம்முயற்சி நடைபெறாமலில்லை. பான் என்னும் ஆய்வாளர் 1924இலேயே இந்துக்களின் நீள்என்புகட்கும் உயரத்துக்குமுள்ள விகிதத்தை ஆராய்ந்து வெளியிட்டார். காலியிலே உறுகுணைப் பல்கலைக்கழக உடற்கூற்றியலார் அண்மைக் காலத்தில் மருத்துவ மாணவரின் முன்கையையும் உயரத்தையும் அளந்து, ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் வெவ்வேறு சமன்பாடுகள் வகுத்தனர். ஆனைக்கோட்டைக்கு அயலூராகிய மானிப்பாயிலே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாமுவேல் கிறீன் என்னும் வைத்தியர் தமிழிலேயே மருத்துவங் கற்பித்தார். உடற்கூற்று நூலும் அவர் முயற்சியாற் றமிழில் வெளிவந்தது. என்புகளுக்குத் தமிழிற் பெயரிட்ட மண்ணில் அவ்வென்புகளை அளந்து கணிக்கும் கல்வியும் தழைத்தல் வேண்டும். ஒருமுறை அளந்து விடுதலும் போதாது. ஊட்டம் மேம்பட மேம்பட இளந்தலைமுறை முன்னோரினும் உயர்ந்து வளர்தலால், சமன்பாடுகள் தலைமுறைதோறும் புதுக்கப்படல் வேண்டும்.

படுக்கையிலிருப்போர்

உயரத்தை உய்த்துணரும் தேவை நீதிமன்றத்துக்கும் அகழாய்வுக்கும் மாத்திரம் உரியதன்று. மருத்துவமனையிலே ஒருவருடைய உடற்பருமன் தக்கதோ என அறிவதற்கும், நுரையீரலின் கொள்ளளவை மதிப்பிடுதற்கும் உயரம் வேண்டும். முள்ளந்தண்டு கூனியவருக்கும் எழுந்து நிற்க இயலாதவருக்கும் விரித்த கைகளின் அகலத்தையோ முழந்தாளின் உயரத்தையோ அளந்து, அவற்றிலிருந்து உயரத்தைக் கணிப்பர். பாகத்தால் உயரமறியும் பழைய வழக்கு இங்கே மருத்துவ அறிவாய் மீண்டும் வந்து நிற்கின்றது.

முழந்தாளின் உயரமாவது, முழங்காலை நேர்கோணமாக மடித்து, குதிகாலின் அடியிலிருந்து முழந்தாளின் மேற்புறம்வரை அளப்பது. இதற்குச் சம்லி என்பவரும் பிறரும் 1985இல் வகுத்த சமன்பாடு பெரிதும் வழங்குகின்றது. பெண்டிர்க்கு அது பின்வருமாறு: முழந்தாளின் உயரத்தை 1.83ஆற் பெருக்கி, 84.88ஐக் கூட்டி, வயதை 0.24ஆற் பெருக்கி வந்ததைக் கழிக்க. எழுபது வயது மூதாட்டியொருவரின் முழந்தாள் 46 சதமமீற்றராயின் அவர் உயரம் ஏறத்தாழ 152 சதமமீற்றர் என்க. வயதைக் கழிப்பதன் காரணம் வெளிப்படை. கால் என்புகள் முதுமையிற் குறுகுவதில்லை, முள்ளந்தண்டோ குறுகும். இளமையில் அளந்த உயரத்தை முதுமையிலும் உடையரென எண்ணுதல் தவறு. ஒரே நாளிலும் காலையிலுள்ள உயரம் மாலையில் ஒரு சதமமீற்றர் அளவு குறையும். முள்ளென்புகளுக்கிடையேயுள்ள வட்டத்தட்டுக்கள் பகல் முழுதும் உடற்பாரத்தால் நெரிவதே அதற்குக் காரணம். உயரமென்பதே அசையாத ஓர் எண்ணன்று என்பது இதனாற் பெறப்படும்.

நிழற்படத்திற் காண்போர்

பனையொன்றின் உயரத்தை அதன் நிழலால் அளத்தல் பள்ளி மாணவர் பயின்ற கணக்கு. ஒரு மீற்றர்க் கோலின் நிழல் அரை மீற்றராகவும் பனையின் நிழல் எட்டு மீற்றராகவும் இருப்பின், பனை பதினாறு மீற்றர் என்க. நிழற்படத்தில் நிற்பவனின் உயரத்தைக் காண்பதும் இத்தகையதே எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பாதியே சரி. சூரியன் நெடுந்தொலைவில் இருப்பதாற் கதிர்கள் ஒன்றற்கொன்று சமாந்தரமாய் வருகின்றன. அதனாற் கோலும் பனையும் எங்கு நின்றாலும் கணக்குப் பிழையாது. படப்பெட்டியோ அருகில் இருப்பது. அதன் முன்னே கிட்ட நிற்பவன் பெரியனாயும், எட்ட நிற்பவன் சிறியனாயும் தோன்றுவர். படத்தில் ஒருவனுக்குப் பின்னே பத்தடி தூரத்திலிருக்கும் கதவை அளவுகோலாகக் கொள்வது இதனாலேயே தவறாகும்.

இதற்கு ஓர் அழகிய வழியுண்டு. சமதரையில் எடுக்கப்பட்ட படமொன்றில் அடிவானக் கோடு, தரையில் நிற்போர் அனைவரையும் ஒரே உயரத்தில் வெட்டிச் செல்லும். அவ்வுயரம் படப்பெட்டி இருந்த உயரமேயாம். கிட்ட நிற்பவன் நெஞ்சை அக்கோடு வெட்டுமாயின், அவனோடொத்த உயரமுடையவன் எத்துணைத் தொலைவில் நின்றாலும் அவன் நெஞ்சையே வெட்டும். படப்பெட்டி 150 சதமமீற்றர் உயரத்தில் இருந்ததெனவும், படத்தில் ஒருவனின் பாதத்திலிருந்து அடிவானக் கோடுவரை 60 மில்லிமீற்றரும், பாதத்திலிருந்து உச்சிவரை 66 மில்லிமீற்றரும் உள்ளனவெனவும் கொள்க. 60க்கு 150 ஆயின் 66க்கு 165; அவன் 165 சதமமீற்றர் உயரமுடையவன். அடிவானம் தோன்றாத படத்திலும், சுவர், தளம், சாளரம் ஆகியவற்றின் சமாந்தரக் கோடுகளை நீட்டி அவை கூடுமிடங்களைக் கண்டு அக்கோட்டை வரைந்துகொள்ளலாம். ஒட்சுபோட்டிலே கிறிமினிசி, இறீட், சிசர்மன் என்னும் மூவர் 2000ஆம் ஆண்டில் இம்முறையை முழுமையான கணித வடிவில் வகுத்தளித்தனர்.

எனினும் இங்கும் எல்லையுண்டு. மேற்கூறிய கணக்கில் உச்சியை ஒரு மில்லிமீற்றர் தவறாகக் குறித்தால் உயரம் இரண்டரைச் சதமமீற்றர் மாறிவிடும். பாதணியும் தலைமுடியும் உயரத்தைக் கூட்டும். நடப்பவன் அடியெடுத்து வைக்கும்போது தலை தாழும். கூனி நிற்பவன் குறுகுவான். வில்லையின் கோணல் படத்தின் ஓரங்களை வளைக்கும். ஆதலின் நீதிமன்றங்களுக்காக ஆய்வோர், இயலுமிடத்து, அதே படப்பெட்டியை அதே நிலையில் வைத்து, அதே இடத்தில் அளவுகோலை நிறுத்தி மீண்டும் படமெடுத்து ஒப்பிடுவர். ஒருவனது விடுதலை ஒரு படத்தைப் பொறுத்திருக்கையில், இரண்டரைச் சதமமீற்றர் சிறிதென்று எவர் சொல்லவல்லார்?

மண்ணுள் இருப்போர்

கொக்குவிலின் மேற்குப் புறத்தே மிக அண்மையிலுள்ளது ஆனைக்கோட்டை. அங்கே 1980ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார், பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில், பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமப் புதையல்களை அகழ்ந்தனர். பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை அங்குக் கிடைத்ததாற் புகழ் முழுவதும் அம்முத்திரைக்கே சென்றது. ஆயின் அம்முத்திரையோடு மண்ணுள் நெடிது கிடந்தவன் ஒரு மனிதன். அவன் எவ்வளவு உயரமானவன், நன்கு உண்டு வளர்ந்தவனோ, இளமையிற் பசியுற்றவனோ என்னும் வினாக்களும் வரலாற்றுக்கு உரியனவேயாம். தென்னிலங்கைக் குகைகளில் வாழ்ந்த பலாங்கொடை மனிதரின் உயரம், ஆடவர்க்கு ஏறத்தாழ 174 சதமமீற்றரும் பெண்டிர்க்கு 166 சதமமீற்றரும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. வேட்டையாடி வாழ்ந்த அம்மக்கள் மெலிந்து குறுகியவர் அல்லரென்பது அவ்விரு எண்களாற் புலப்படுகின்றது. உயரத்தை அளத்தல் ஒரு கூட்டத்தின் வாழ்வை அளத்தலும் ஆகும்.

பழங்காலத்தவர் உயரத்தில் நான்கு சதமமீற்றர் வழுவினும் எவர்க்கும் கண்ணீரில்லை. அண்மைக் காலத்தவர் செய்தி அத்தகையதன்று. யாழ்நகரின் கிழக்கு வாயிலாகிய செம்மணியில் 1999ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டளைப்படி நடந்த அகழ்வில் 15 பேரின் உடலெச்சங்கள் எடுக்கப்பட்டன. அப்பகுதியிலுள்ள சித்துப்பாத்தி இந்து மயானத்தில் 2025 பெப்ருவரியிற் கட்டட வேலைக்கு நிலந்தோண்டுகையில் மீண்டும் மனித என்புகள் வெளிப்பட்டன. அவ்வாண்டு மே மாதந் தொடங்கி நீதிமன்ற மேற்பார்வையில் நடைபெற்ற அகழ்விலே இருநூறுக்கு மேற்பட்ட என்புக்கூடுகள் காணப்பட்டன. அவற்றுட் சிறுவருடையனவும் இருந்தன. பள்ளிப் பையொன்றும் விளையாட்டுப் பொருள்களும் அம்மண்ணினின்றும் எடுக்கப்பட்டன.

இத்தகைய இடத்திற் சட்ட வைத்திய அறிஞர் முதலில் எழுதுவன நான்கு: ஆணோ பெண்ணோ என்பது, வயது, உயரம், காயக்குறி. சிறுவரிடத்தில் என்பு இன்னும் வளர்ந்துகொண்டிருத்தலால், வளர்ந்தோர்க்குரிய சமன்பாடுகள் செல்லா. அங்கே என்பின் நீளமும் பல்லின் முளைப்பும் உயரத்தினும் வயதையே செவ்வனே உணர்த்தும். வளர்ந்தோரிடத்தில் உயரங் கணிக்கப்படும். ஆயின் அக்கணிப்பின் வலிமை எத்துணை? திறொட்டர் தம் சமன்பாடுகளோடு நியம வழுவையும் சேர்த்தே வெளியிட்டார். தொடையென்பைக் கொண்டு ஆடவரின் உயரத்தைக் காண்பதில் அது மூன்றேகால் முதல் நான்கு சதமமீற்றர் வரை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரை உள்ளடக்க வேண்டின் இருபுறமும் அதனை இரட்டித்தல் வேண்டும். 167 எனக் கணிக்கப்பட்டவன் உயிரோடிருந்தபோது 160ஆகவும் இருந்திருக்கலாம், 174ஆகவும் இருந்திருக்கலாம். அவ்வெல்லைக்குள் ஓர் ஊரின் ஆடவரிற் பெரும்பாலார் அடங்கிவிடுவர். ஆதலின் உயரம் ஒருவனை ‘இவனே’ எனக் காட்டவல்லதன்று. மிக நெடியவனையோ மிகக் குறியவனையோ ‘இவனல்லன்’ என விலக்கவே வல்லது. இவனே எனக் கூறும் உரிமை பல்லமைப்புக்கும், பழைய முறிவுத் தழும்புக்கும், மரபணுவுக்கும் உரியது.

இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் கேடு சிறிதன்று. காணாமற்போன மகனின் உயரம் 172 சதமமீற்றரெனத் தந்தையொருவர் கூற, ஏட்டிலே 167 என்று மாத்திரம் எழுதப்பட்டிருப்பின், எல்லையறியாத அலுவலரொருவர் ‘இஃது உம்முடைய மகனுடையதன்று’ எனக் கூறி அவரைத் திருப்பி அனுப்பிவிடுதல் கூடும். ஐந்து சதமமீற்றர் வேறுபாடு அச்சமன்பாட்டின் இயல்பான எல்லைக்குள் அடங்கியதே. தக்க கதவு தந்தைக்கு அடைக்கப்படுகின்றது. மற்றொரு புறம், எண் பொருந்திற்று என்ற ஒன்றையே பற்றி அயலாரொருவரின் என்பைத் தம் மகனென அழுது ஏற்றுக்கொள்ளும் குடும்பமும் உண்டாகலாம். இரண்டு கேட்டுக்கும் காரணம் ஒன்றே: வழுவைச் சொல்லாது எண்ணை மாத்திரம் சொல்லுதல்.

தோளளவு

எம்முடைய வீடுகளிலே மக்களின் உயரத்தை அடியிலும் அங்குலத்திலும் அறிந்தவர் மிகச் சிலர். மகன் எவ்வளவு உயரமென வினவின், தாய் எழுந்து நின்று தன் தோளிலோ காதருகிலோ கையை வைத்து, ‘இவ்வளவு நிற்பான்’ என்பாள். அதனை அளவன்றெனத் தள்ளுதல் பேதைமை. அத்தாயின் தோளை நிலத்திலிருந்து அளந்தால் அவள் நினைவு எண்ணாகிவிடும். அவள் கை தாழ்ந்தும் உயர்ந்தும் காட்டிய அளவு அவ்வெண்ணின் எல்லையாகிவிடும். தன் கையால் எண்சாண் என்ற முன்னோரும், கோல்ற்றனும், பியேர்சனும் செய்தது இதுவன்றி வேறன்று. ஓர் உடம்பை மற்றோர் உடம்பால் அளந்தனர்.

பள்ளிகளிலே ஆண்டுதோறும் மாணவரின் உயரத்தையும் நிறையையும் அளந்து பதிவர். அதனைச் சடங்காகச் செய்யாது, பாதணி கழற்றி, குதிகால் சுவரிற்பட நிறுத்தி, நாளும் பொழுதும் குறித்துச் செம்மையாக எழுதி வைத்தல் ஆசிரியர் கடனாம். ஊட்டக் குறைவை உரிய காலத்திற் கண்டு திருத்தவும், நம் மக்கட்குரிய சமன்பாடுகளை நாமே வகுக்கவும் அவ்வேடுகள் பயன்படும். மாணவருக்கோ, கணித வகுப்பிலே சராசரியோடு வழுவையும், விடையோடு அதன் எல்லையையும் ஒருங்கு கூறும் பழக்கத்தை ஊட்டுதல் வேண்டும்.

தெய்வத் திருமேனிக்கு 124 அங்குலம் என்று துணிந்து விதிக்கலாம். மனிதனுக்கு அவ்வாறு விதிக்க எவர்க்கும் உரிமையில்லை. அவனுடைய ஓர் என்பைக் கையிலெடுத்து உயரங் கூற முற்படுவோன், தான் அறிந்ததையும் அறியாததையும் ஒரே வாயாற் கூறுதல் வேண்டும். அதுவே அறிவுக்கு நேர்மை. அவ்வென்புக்காகக் காத்திருப்போர்க்கு அதுவே அறம்.